நம் பாட்டும் பிறர் சாவியும்

(நாகபுரியில் நிகழ்ந்த சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா மேடையிலே இலக்கியம் பேசுவோர் உண்டு. சமயம் பேசுவோர் உண்டு. பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை முடித்து, இருப்புப்பாதை அலுவலகத்தில் எழுத்தராகப் பேரேடுகளோடு காலங் கழிக்கும் நமக்கு அவ்விரண்டிலும் புகும் தகுதி இல்லை. ஆயினும் செயலாளர் அவர்கள் விடவில்லை. “சங்கத்தின் பாட்டுப் பெட்டியை இருபது ஆண்டுகளாகக் காத்து வருகின்றீர்; அதைப் பற்றியே பேசும்” என்று பணித்தார். பாட்டுப் பெட்டி என்று அவர் குறித்தது, சங்க அறையின் மூலையில் துணி போர்த்தி வைத்திருக்கும் கணினியை. அதனைக் காத்து வந்தோம் என்பது உண்மை. காத்த கையாலேயே அதனுள் இருந்த செல்வத்தின் பெரும் பகுதியை இழந்தோம் என்பதும் உண்மை. அந்த இழப்பைச் சொல்லவே இம்மேடை ஏறினோம்.

இளையோர்க்கு முதலில் ஒரு செய்தி கூற வேண்டும். நம் சங்கத்தில் பெரியவர் ஒருவர் இருந்தார். பெயர் கூறாமலே இங்குள்ள முதியோர் முகம் மலர்வதைக் காண்கிறோம். தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்து, இருப்புப்பாதை வேலைக்கு வந்து, கோந்தியா நிலையத்தில் நெடுநாள் பணிபுரிந்து, ஓய்வு பெற்ற பின் நாகபுரியிலேயே தங்கிவிட்டவர். முறையாகச் சங்கீதம் பயின்றவர் அல்லர். தம் பாட்டனார் மார்கழி வைகறையில் பாடக் கேட்டுப் பழகிய தேவாரமும், திருப்புகழும், காவடிச் சிந்தும் அவர் நாவில் இருந்தன. அவற்றின் மெட்டு, நாம் இசைத்தட்டிலும் வானொலியிலும் கேட்ட மெட்டு அன்று. அந்த ஊருக்கே உரியது. அந்த ஊரிலும் இன்று அதைப் பாடுவார் இல்லை என்று அவரே வருந்திச் சொல்வார். சனிக்கிழமை மாலைகளில் அவர் பாட, அவர்தம் துணைவியார் சுருதிப் பெட்டி இயக்குவார். 1990-களில் சங்க அன்பர்கள் அவற்றை ஒலிநாடாக்களில் பதிந்து வைத்தனர். ஒன்பது நாடாக்கள், அறுபத்து நான்கு பாட்டுகள்.

2005-இல் நாடாக்கள் சிக்கத் தொடங்கின. அவ்வாண்டுதான் சங்கத்துக்குக் கணினி வந்தது. இளைஞர்களாயிருந்த நாம் மூவர் முன்னின்று, கடைத்தெருவில் ஒலிப்பதிவுக் கடை வைத்திருந்த ஒருவரிடம் நாடாக்களைக் கொடுத்து எட்டுக் குறுந்தட்டுகளாக மாற்றி வாங்கினோம். பின்னர் அத்தட்டுகளைக் கணினியில் இட்டோம். கணினியோடு வந்த இசைப்பான் என்னும் மென்பொருள், தட்டிலுள்ளதை எடுத்துச் சேமிக்கட்டுமா என்று வினவிற்று. ஆம் என்றோம். அமைப்புப் பக்கத்தின் ஓரத்தில் ஒரு சிறு கட்டம் இருந்தது. பாட்டுக்குக் காப்பு இடுவதா என்பது அதன் பொருள். அதில் முன்கூட்டியே குறி இடப்பட்டிருந்தது. காப்பு வேண்டா என்று எவர் சொல்வார்? யாரிடமிருந்து யாருக்குக் காப்பு என்று கேட்க நமக்குத் தோன்றவில்லை. அறுபத்து நான்கு பாட்டுகளும் அன்று மாலைக்குள் கணினியில் ஏறிவிட்டன. பெரியவர் வந்து கேட்டார். தம் குரல் ஒரு சொடுக்கில் ஒலிப்பது கண்டு குழந்தைபோல் மகிழ்ந்தார். திரையில் பாடியவர் பெயர் எழுதும் இடத்தில் ‘அறியப்படாத பாடகர்’ என்றிருந்தது. அதை அவருக்கு மொழிபெயர்த்துச் சொன்னபோது சிரித்துவிட்டு, “சரியாகத்தானே எழுதியிருக்கிறது!” என்றார்.

2007-இல் பெரியவர் மறைந்தார். அவ்வாண்டு மழையில் சங்க அறையின் பரண் ஒழுகி, நாடாக்கள் பூசணம் பிடித்தன. ‘கணினியில்தான் இருக்கிறதே’ என்று அவற்றை எறிந்துவிட்டோம். ‘நாம்’ என்று இங்குச் சொல்வது மேடை வழக்குக்காக அன்று. எறியலாம் என்று சொன்னவரும் நாமே. எட்டுக் குறுந்தட்டுகளில் மூன்று இரவல் போய்த் திரும்பவில்லை. மற்ற ஐந்தும் நாகபுரியின் கோடையைத் தாங்காமல் மேற்பூச்சு உரிந்து படிக்க முடியாதவையாயின. 2010-இல் கணினி பழுதுற்றது. பழுது பார்த்தவர் இயங்குதளத்தைப் புதிதாக நிறுவித் தந்தார். பாட்டுக் கோப்புகள் இரண்டாவது வன்தட்டில் இருந்தமையால் அவற்றுக்கு ஒரு குறையும் நேரவில்லை. எண்ணிப் பார்த்தோம், அறுபத்து நான்கும் இருந்தன. அளவும் குறையவில்லை. மனம் அமைதி அடைந்தோம்.

2011 பொங்கல் விழாவில் பெரியவரை நினைவுகூர்ந்து ஒரு பாட்டை ஒலிக்கச் செய்வதென ஏற்பாடு. அம்மையார் முன் வரிசையில் அமர்ந்திருந்தார். நாம் பொத்தானை அழுத்தினோம். பாட்டு வரவில்லை, அறிவிப்பு வந்தது. இக்கோப்பைக் கேட்க உங்களிடம் உரிமம் இல்லை என்பது அதன் சாரம். அடுத்த பாட்டு, அதே அறிவிப்பு. அறுபத்து நான்குக்கும் அதே. மேடையில் நின்றபடி பத்து நிமிடம் சொடுக்கிக்கொண்டே இருந்தோம். அம்மையார், “இருக்கட்டும் தம்பி, நானே பாடுகிறேன்” என்று எழுந்து அவர் குரலில் இரண்டு அடி பாடி அமர்ந்தார். அந்த நாளை இன்றும் நினைத்தால் உடல் கூசுகிறது.

எந்த மென்பொருள், எந்த நிறுவனம் என்று இங்குக் கூறப் போவதில்லை. பாதித் தவறு நம்முடையது. ஆனால் நிகழ்ந்தது யாது என்பதை விளக்கியே ஆக வேண்டும். கட்டத்தில் குறி இருந்தமையால் அந்த இசைப்பான் ஒவ்வொரு பாட்டையும் பூட்டிச் சேமித்தது. பூட்டைத் திறக்கும் உரிமம் என்னும் சாவியை அந்தக் கணினியின் வேறொரு மூலையில் வைத்தது. இயங்குதளத்தைப் புதிதாக நிறுவியபோது அந்தச் சாவி அழிந்தது. உரிமத்தைத் தனியே படியெடுத்து வைக்க வேண்டும் என்று உதவிப் பக்கங்களில் எங்கோ எழுதியிருந்ததாம். பேழையைப் பத்திரமாக எண்ணிப் பார்த்தோமே அன்றிச் சாவி என ஒன்று இருப்பதையே நாம் அறியோம். பாடியவர் நம் பெரியவர். பதிந்தவர் நம் அன்பர்கள். விலைகொடுத்த கணினி நம்முடையது. அப்பாட்டை நாம் கேட்கலாமா, கூடாதா என்று தீர்ப்பளித்தது மட்டும் வேறொருவர் எழுதிய நிரல்.

இது நம் ஒருவர்க்கே நேர்ந்த விபத்து என்று எண்ணற்க. பூட்டிய பாட்டுகளை விலைக்கு விற்று வந்த யாகூ நிறுவனத்தின் இசைக்கடை 2008 செப்டம்பர் 30 அன்று மூடப்பட்டபோது, சாவி வழங்கும் கணினிகளும் உடன் நிறுத்தப்பட்டன. அங்குப் பணம் கொடுத்து வாங்கியவர்கள், புதுக் கணினிக்கு மாறினால் பழைய பாட்டைத் திறக்க வழியில்லை என்ற நிலை வந்தது. அவர்களுக்காவது இழப்பீடு தரப்பட்டது. பெரியவரின் பாட்டுக்கு எவரிடம் இழப்பீடு கேட்பது?

நிற்க. பூட்டு இல்லாவிடினும் கணினியில் பாட்டுக் கேட்பது ஏன் இத்தனை தொல்லையாயிருக்கின்றது என்று பலர் நம்மிடம் கேட்டதுண்டு. ஒரு பாட்டு ஓர் இசைப்பானில் ஒலிக்கிறது, இன்னொன்றில் ஒலிப்பதில்லை. கைப்பேசியில் பாடியது கணினியில் ஊமையாகிறது. இதற்கு நம் தொழிலிலேயே உவமை இருக்கின்றது. இருப்புப்பாதையில் அகலப்பாதை என்பது 1,676 மில்லிமீட்டர்; மீட்டர் பாதை 1,000; நம் பக்கத்துச் சாத்புரா மலைப் பகுதியில் ஓடிய குறும்பாதை 762. ஒரு பாதையின் வண்டி மற்றொரு பாதையில் ஏறாது. சரக்கு ஒன்றே, தண்டவாளத்தின் இடைவெளிதான் வேறு. பாட்டுக் கோப்புகளின் நிலையும் அதுவே. எம்.பி.3 என்றும், ஏ.ஏ.சி. என்றும், டபிள்யூ.எம்.ஏ. என்றும், ஆக் வார்பிஸ் என்றும், ஃபிளாக் என்றும் பல பாதைகள் இடப்பட்டன. ஒவ்வோர் இசைப்பானும் தனக்கு விருப்பமான பாதையில் மட்டும் ஓடும்.

குறுந்தட்டில் ஒரு நொடிக்கு 44,100 முறை ஒலியை அளந்து எழுதியிருப்பர். ஒரு மணி நேரப் பாட்டு, அளந்தபடியே கணினியில் ஏறினால் 635 மெகாபைட்டு இடம் கொள்ளும். சிறிய வன்தட்டுகள் இருந்த காலத்தில் அது பெரும் சுமை. ஆகவே, செவி கவனியாது விடும் ஒலிக்கூறுகளைக் கழித்துச் சுருக்கும் முறையைக் கண்டனர். செருமனி நாட்டுப் பிரான்ஹோஃபர் நிறுவனத்தார் பெரும்பங்கு கொண்டு வகுத்த அம்முறைக்கு 1995-இல் எம்.பி.3 என்னும் பெயர் நிலைத்தது. நொடிக்கு 128 கிலோபிட்டு என்ற கணக்கில் அதே ஒரு மணி நேரப் பாட்டு 58 மெகாபைட்டுக்குள் அடங்கிவிட்டது. பதினொன்றில் ஒரு பங்கு! வியப்புக்குரிய அறிவே. ஆனால் கழித்தது கழித்ததுதான், மீண்டும் வாராது. மிகவும் சுருக்கினால் தம்பூராவின் ரீங்காரம் நீருக்குள்ளிருந்து வருவதுபோல் குழம்புவதை நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

ஒரு வடிவிலிருந்து மற்றொரு வடிவுக்கு மாற்றுவதை எளிய தீர்வென்று பலர் எண்ணுகின்றனர். இங்கேதான் நம் பெரியவர் சொன்ன ஒன்று நினைவுக்கு வருகின்றது. கோந்தியாவில் அகலப்பாதையும் குறும்பாதையும் சந்தித்த காலத்தில், அவர் டிரான்ஷிப்மெண்டுக் கொட்டகையில் மூட்டை எண்ணும் வேலை பார்த்தவர். “ஒரு வண்டியிலிருந்து மறு வண்டிக்கு மாற்றும்போதெல்லாம் ஒவ்வொரு மூட்டையிலும் ஒரு பிடி கொட்டும். கணக்கில் மூட்டை நூறு என்றே இருக்கும், போய்ச் சேர்ந்த இடத்தில் எடை குறையும்” என்பார். எம்.பி.3-ஐ ஏ.ஏ.சி. ஆக்கி, அதை மீண்டும் எம்.பி.3 ஆக்கினால் நேர்வது அதுவே. கோப்பின் பெயர் மாறாது. பாட்டின் நேரமும் மாறாது. ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரு பிடி கொட்டும். இருப்புப்பாதையில் 1992-இல் ஒரே பாதைத் திட்டம் தொடங்கி, இந்நாட்டின் பாதைகளைப் பெரும்பாலும் அகலமாக்கிவிட்டனர். பாட்டுலகில் அப்படி ஆணையிட ஒரு வாரியம் இல்லை.

ஒவ்வொரு நிறுவனமும் தன் பாதையைத் தானே வைத்துக்கொள்ள விரும்பியதற்குக் காரணம் வணிகமே. ஒன்றும் கழிக்காமல் சுருக்கும் ஃபிளாக் என்னும் வடிவத்தை ஜோஷ் கோல்சன் என்பவர் 2001-இல் எவரும் இலவசமாகப் பயன்படுத்தும்படி வெளியிட்டார். அதே ஆண்டில் பிறந்த ஐடியூன்ஸ் அதனை ஏற்கவே இல்லை. ஆப்பிள் நிறுவனம் 2004-இல் அதே வேலையைச் செய்யும் தனக்கென ஒரு வடிவத்தைக் கொண்டுவந்தது. 2011-இல்தான் அதன் நிரலைப் பிறர்க்குத் திறந்துவிட்டது. விண்டோஸில் ஃபிளாக்குக்கு உள்ளிருந்தே ஆதரவு வந்தது 2015-இல், பத்தாம் பதிப்பில். பதினான்கு ஆண்டுகள்! அதுவரை வெளியிலிருந்து ‘கோடெக்’ எனும் துணைநிரல்களைத் தேடி நிறுவிக்கொண்டு இருந்தோம். பாட்டுத் தேடிப் போனவர்கள் கணினிக்கு நோய் வாங்கி வந்த கதைகள் இந்த அவையிலேயே பல உண்டு.

மற்றொரு வேடிக்கை. சங்கத்துக்கு இரண்டாவது கணினி வந்தபோது, கட்டற்ற மென்பொருளே நல்லது என்று ஓர் அன்பர் வற்புறுத்த, அத்தகைய இயங்குதளத்தை நிறுவினோம். எல்லாம் அழகாக இயங்கிற்று. எம்.பி.3 மட்டும் ஒலிக்கவில்லை. பழுதோ என்று அஞ்சினோம். அது பழுது அன்று, சட்டம். எம்.பி.3 முறைக்குக் காப்புரிமங்கள் இருந்தன. பணம் செலுத்தாமல் அதனை வழங்கினால் வழக்கு வருமோ என்று அஞ்சி, ரெட் ஹாட் நிறுவனத்தார் 2002-இல் தம் எட்டாம் பதிப்பிலிருந்து எம்.பி.3 ஆதரவையே நீக்கிவிட்டனர். பிறரும் அவ்வழியே தயங்கினர். 2017 ஏப்ரல் 23 அன்று அந்த உரிமம் வழங்கும் திட்டம் முடிவுக்கு வந்தது. அதன் பின்னரே எம்.பி.3 எவர்க்கும் பொதுவாயிற்று. உலகமெல்லாம் தெருத்தெருவாய் ஒலித்த ஒரு வடிவம், அதுகாறும் ஒரு குழுவினரின் உரிமமாகவே இருந்தது என்பதை நாம் யாரும் உணரவில்லை.

இசைப்பான்களைப் பற்றியும் சில சொல்ல வேண்டும். 1997-இல் ஜஸ்டின் பிராங்கல் என்னும் இளைஞர் வெளியிட்ட வின்ஆம்ப், உள்ளங்கை அளவுச் சாளரத்தில் பாடும். நிறுத்தச் சொன்னால் நிறுத்தும். அவ்வளவே. அதைப் போன்ற பணியாளைப் பின்னர் நாம் காணவில்லை. 1999-இல் அதை ஏ.ஓ.எல். நிறுவனம் வாங்கிற்று. 2013-இல் மூடப் போவதாக அறிவித்து, பின் வேறொருவர் கைக்கு மாற்றிற்று. பிற்காலத்து இசைப்பான்கள் பலவற்றுக்குப் பாடுவது உபதொழில். கடை விரிப்பதும், கணக்குத் தொடங்கச் சொல்வதும், திரையில் வண்ணக் கோலம் காட்டுவதும், நாம் அடுக்கி வைத்த கோப்புகளைக் கேளாமலே வேறு அறைகளில் அடுக்குவதும் முதல்தொழில். ஒரு சரசுவதி பூசையன்று வீணை ஒலித்துக்கொண்டிருக்கையில், புதிய பதிப்பு வந்திருக்கிறது, இப்போதே நிறுவலாமா என்று ஓர் இசைப்பான் கேட்டு நின்றுவிட்டது. பாரிசு நகரையடுத்த கல்லூரியொன்றின் மாணவர்கள் 1996-இல் தொடங்கிய முயற்சியில் பிறந்த வி.எல்.சி. என்னும் மென்பொருள் மட்டும், வேண்டிய கோடெக்குகளைத் தன்னுள்ளேயே சுமந்துகொண்டு, கொடுத்ததை எல்லாம் பாடிற்று. அழகில்லை என்பர், நமக்கு அழகு வேண்டா.

தமிழர்க்கென்றே அமைந்த தொல்லை ஒன்று உண்டு. அதனைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறோம். பாட்டுக் கோப்பின் உள்ளே பாட்டின் பெயர், பாடியவர் பெயர் முதலியவற்றை எழுதும் சீட்டு ஒன்று உண்டு. 1996-இல் எம்.பி.3-க்கு முதன்முதல் வகுத்த சீட்டில் பெயருக்கு முப்பது பைட்டுகளே இடம். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட்டு போதும். ஒருங்குறித் தமிழுக்கோ பெரும்பாலும் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட்டுகள் வேண்டும்; உயிர்மெய்யில் மெய்யைக் குறிக்க ஒரு குறி, உயிரைக் குறிக்க மற்றொன்று. அக்கணக்கில் ‘தியாகராஜர்’ என்பது சரியாக முப்பது பைட்டு, தப்பித்துக்கொண்டார். முத்துசுவாமி தீட்சிதரோ ‘முத்துசுவா’ என்பதோடு நின்றுவிடுவார். பின்வந்த சீட்டுகளில் இடம் பெருகியது. ஒருங்குறிக்கும் வழி உண்டாயிற்று. ஆனால் ஒருங்குறி பரவுமுன் திஸ்கி முதலிய குறியீடுகளில் அன்பர்கள் ஆர்வத்தோடு எழுதி வைத்த பெயர்களெல்லாம் இன்று திரையில் கோழி கிளறிய குப்பை போல் தோன்றுகின்றன. பாட்டு என்னவென்று ஒவ்வொன்றையும் கேட்டுத்தான் அறிய வேண்டும்.

அதே முதற் சீட்டில் இசையின் வகையைக் குறிக்க எண்பது வகைகளை எண்ணிட்டு வைத்தனர். போல்கா என்னும் ஐரோப்பியக் கூத்திசைக்கு அங்கு எண் உண்டு. கருநாடக இசைக்கு இல்லை. இந்துத்தானி இசைக்கும் இல்லை. இராகம் எழுத இடமில்லை. தாளம் எழுத இடமில்லை. இது போகட்டும். ஒரு திரைப்படப் பாட்டை எடுத்துக்கொள்வோம். நாம் படத்தின் பெயராலும், இசையமைத்தவர் பெயராலும், பாடலாசிரியர் பெயராலும் பாட்டை நினைவில் வைப்பவர்கள். இசைப்பானோ பாடியவர் பெயரையே குலப்பெயராகக் கொள்ளும். ஒரு படத்தின் ஏழு பாட்டுகளைத் தனியாகவும் இணையாகவும் ஐந்து பேர் பாடியிருந்தால், ஒரு குடும்பத்தை ஏழு வீடுகளில் குடியேற்றிவிடும். மாலை முழுதும் அமர்ந்து அவர்களை ஒன்றுசேர்ப்பது நம் வேலை. செய்தோம், மறுவாரம் வேறோர் இசைப்பானில் திறந்தபோது மீண்டும் பிரிந்திருந்தனர்.

பல்லவிக்கு நேர்ந்ததையும் சொல்லிவிடுவோம். ஒரு நவராத்திரியில் பெரும் வித்துவான் ஒருவரின் இராகம் தானம் பல்லவியைக் குறுந்தட்டிலிருந்து எடுத்து ஒலிக்கச் செய்தோம். தட்டில் அது மூன்று பகுதிகளாய்ப் பிரித்திருந்தாலும் இடைவெளியின்றி ஓடும். எம்.பி.3 ஆனபின், தானத்திலிருந்து பல்லவிக்குப் புகும் இடத்தில் ஒரு விக்கல்! எம்.பி.3 முறை ஒலியை 1,152 அளவைகள் கொண்ட கட்டுகளாகவே கட்டும். ஒரு கட்டு ஏறத்தாழ நொடியில் நாற்பதில் ஒரு பங்கு. முதலிலும் கடைசியிலும் கட்டு நிரம்பாவிடில் மௌனத்தை இட்டு நிரப்பும். எவ்வளவு மௌனம் இட்டோம் என்று குறித்து வைக்கும் வழி பின்னர் வந்தது. ஆனால் அக்குறிப்பைப் படிக்கும் பொறுமை இசைப்பானுக்கு வேண்டுமே! மூன்று நிமிடத் திரைப்பாட்டுக் கேட்போர்க்கு இது குறையாகவே தோன்றாது. நம் இசைக்கு அது மூச்சுத் திணறல். மிருதங்கம் பயின்ற அன்பர் ஒருவர் அன்று எழுந்து வெளியே போனவர், பூசை முடிந்த பின்தான் திரும்பி வந்தார்.

பெரியவரின் பாட்டுகளுக்கு மீள்வோம். பொங்கல் விழாவுக்குப் பின் பூட்டைத் திறக்க நாம் செய்யாத முயற்சி இல்லை. பழுது பார்த்தவரிடம் பழைய வன்தட்டைக் கேட்டோம். அதை அவர் அன்றே அழித்துப் புதிதாக்கியிருந்தார். கணினி கற்ற இளைஞர் இருவர் விடுமுறையில் வந்து முயன்றனர், பயனில்லை. இந்நிலையில் புனாவில் வாழும் பெரியவரின் மகளார் ஒரு செய்தி அனுப்பினார். 2006-இல் இங்கு வந்திருந்தபோது, அந்நாளில் நலமாயிருந்த குறுந்தட்டுகள் இரண்டிலிருந்து, தம் கைப்பேசியில் கேட்பதற்கென எம்.பி.3-ஆக எடுத்துச் சென்றாராம். பத்தொன்பது பாட்டுகள். கைப்பேசியின் நினைவட்டை மிகச் சிறியது ஆதலால் நொடிக்கு 64 கிலோபிட்டு என்னும் அளவுக்குச் சுருக்கியிருந்தார்.

அவற்றை வரவழைத்துக் கேட்டோம். சுருதிப் பெட்டியின் ஒலி தேய்ந்து, அலையலையாய் நெளிகிறது. உச்சத்தில் குரல் சற்றே கரகரக்கிறது. ஆனால் அவர் குரலே. ஒரு பாட்டின் இடையில் நிறுத்தி, “தண்ணீர் கொண்டா” என்று அம்மையாரிடம் சொல்வதும் இருக்கின்றது. முன்பு அதை வெட்டி நீக்க வேண்டும் என்று நாமே சொன்னதுண்டு. நல்லவேளை, எவரும் வெட்டவில்லை. அந்தப் பத்தொன்பதையும் எந்த வடிவுக்கும் மாற்றாமல், வந்தபடியே வைத்திருக்கிறோம். இனியும் ஒரு பிடி கொட்ட இடந்தர மாட்டோம். எஞ்சிய நாற்பத்தைந்தும் பூட்டிய நிலையில் இன்னும் வன்தட்டில் இருக்கின்றன. இடத்தை அடைக்கிறதே, அழித்துவிடலாமே என்று தணிக்கை செய்த அன்பர் சென்ற ஆண்டு கேட்டார். அழிக்கவில்லை.

சென்ற திங்களில் பிலாசுபூரிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. நம் சங்கத்தில் முன்னர் இருந்து மாற்றலாகிப் போன ஒருவரின் மகன் பேசினார். தந்தையின் பெட்டியில் ஓர் ஒலிநாடா இருக்கின்றதாம். மேலே 1998 நவராத்திரி என்றும் பெரியவர் பெயரும் எழுதியிருக்கின்றதாம். உடைந்த நாடாப் பெட்டியில் இட்டுச் சுழற்றிவிடாதீர்கள் என்று மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொண்டோம். நாடாப் பெட்டி ஒன்றைப் பழுது நீக்கி, தலைப்பகுதியைத் துடைத்து, பட்டையை மாற்றி நாம் ஆயத்தமாக வைத்திருக்கிறோம். அதிலிருந்து கம்பி வழியாகக் கணினிக்கு. ஆடாசிட்டி என்னும் கட்டற்ற மென்பொருளில் பதிவு. சேமிப்பு ஃபிளாக் வடிவில். அவ்வடிவில் ஒன்றும் கழியாது; இடமோ ஏறத்தாழப் பாதியளவு குறையும். அதன் இலக்கணம் எவரும் படிக்கும்படி வெளியாகியிருக்கின்றது. 2024 டிசம்பரில் இணையப் பொறியியல் பணிக்குழுவின் ஏட்டிலும் ஏறிவிட்டது. நாளை அதைப் படைத்தவர் அனைவரும் கடையை மூடிவிட்டாலும், இலக்கணம் அறிந்த எவரும் திறக்கலாம். கேட்பதற்கு மட்டும் எம்.பி.3 படி ஒன்று தனியே. மூலப்படி மூன்று: ஒன்று சங்கத்தில், ஒன்று நம் வீட்டில், ஒன்று புனாவில்.

அன்பர்களே! உங்கள் வீட்டுப் பரண்களிலும் நாடாக்கள் இருக்கும். பாட்டியார் தாலாட்டு இருக்கும். திருமணத்தில் பாடிய நலங்கு இருக்கும். ஊரிலிருந்து கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்பியவை இருக்கும். அவற்றைக் கொண்டு வாருங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மாலை நான்கு மணி முதல் ஆறு மணி வரை சங்க அறையில் நாம் இருப்போம். கட்டணம் இல்லை. வேலை முடிந்த பின்னும் நாடாவைத் திருப்பித் தந்துவிடுவோம். எறியச் சொல்ல மாட்டோம். ஒரே ஒரு வேண்டுகோள்: நாடாவோடு ஒரு தாளில் பாடியவர் பெயர், ஊர், ஆண்டு, உடன் சுருதி இயக்கியவர் யார் என்பனவற்றைத் தமிழில் எழுதிக் கொண்டு வாருங்கள். இடம் போதாது என்று சுருக்கி எழுத வேண்டா, முழுப்பெயரே எழுதுங்கள்.

பிலாசுபூர் நாடா அடுத்த ஞாயிறு வந்து சேரும். அம்மையார் தாமும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். உரிமம் எதுவும் வேண்டாத அந்தப் பாட்டைக் கேட்க விரும்புவோர் அனைவரும் வருக.